ஒற்று மிகும்

இரவு பதினொன்றுக்கு ஆள் அனுப்பினார்கள்.
தேவனாம்பட்டினத்தில் போர்ச்சுகீசு தெரிந்தவன்
நான் ஒருவன்தான்.
அதுவும் சமையல்கட்டுப் போர்ச்சுகீசு:
சாந்தோஸ் துறைமுகத்தில் சர்க்கரை ஏற்றக் காத்துக் கிடந்த கப்பலில்
வெங்காயம் உரித்தபடி கற்றது.
வசவுகள் முழுசாய் வரும்,
வினைச்சொற்கள் பாதிதான்.

காவல் நிலைய பெஞ்சின் ஓரத்தில் லுசிமாரா.
கடலாமைத் தடம் எண்ண வந்தவள்.
வெள்ளைப் பாவாடை முழங்கால்வரை ஈரம்.
மேசைமேல் தடயப் பொருட்கள்:
சம்பங்கி இரண்டு முழம்,
ஒரு சீப்பு, கைக்கண்ணாடி,
பாதி தீர்ந்த சென்ட் புட்டி.

"சூனியம் வெக்கிறா சார்.
மூணு நாளா வலையில ஒண்ணும் விழல"
என்கிறாள் அஞ்சலாட்சி.
போன மாசி மகத்தன்று
கடலுக்குச் சூடம் காட்டிவிட்டு
எனக்கும் ஒரு சில் தேங்காய் தந்தவள்.

ஏட்டு தணிகாசலம்
பேனா மூடியைக் கடித்தபடி கேட்டார்:
"இதுக்கு அவங்க ஊர்ல என்ன பேரு?
ஒரே வார்த்தையில சொல்லச் சொல்லு."

கேட்டேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள்.
பிறகு சொன்னாள்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும்.
பாயியாக்காரன் ஒருவன் எஞ்சின் அறையில் இருந்தான்.
நடுக்கடலில் எஞ்சின் நின்ற அன்று
அவன் முகத்தில் இதைத்தான் துப்பினார்கள்.

"வசவு அது" என்றேன்.
"வசவாக்கியது நானா?" என்றாள்.

எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு
யாருக்கும் சரியாகத் தெரியாது என்றாள்.
தெரியாததைக் கையால் செய்து காட்டினாள்:
ஏட்டின் அடிக்கோலை எடுத்து
பெஞ்சு விளிம்பில் எவனோ கத்தியால் கொத்தியிருந்த பற்கள்மேல்
கர்ர்ர் கர்ர்ர் என்று இழுத்தாள்.
இப்படியொரு வாத்தியம் இருந்ததாம், அதன் பெயராம்.
இல்லை, ஒரு மரத்தின் பெயர் என்பவர்களும் உண்டு.
அங்கோலாப் பக்கத்து மொழி ஒன்றில்
பூட்டுகள் என்று பொருளாம்.
பூட்டுகள், பன்மையில்.
கப்பலின் அடித்தட்டில் கட்டுண்டு வந்தவர்கள்
எதைச் சொல்லி எதைப் பூட்டினார்களோ,
அகராதி எடுத்துவர அனுமதி இல்லை.

"சரி, இவர்கள் என்னை என்ன சொன்னார்கள்?"

சூனியம் என்றால் ஒன்றுமில்லை என்று பொருள்,
வெறுமை, பூச்சியம் என்றேன்.
ஒன்றுமில்லாததற்கா இத்தனை பேர் கூடினார்கள் என்று
பெஞ்சு அதிரச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
தோல்கருவி ஒன்றின் பெயரை
மனிதர்கள்மேல் ஒட்டி,
அந்தப் பெயரை ஊருக்கு வெளியே நிறுத்தியது
எந்த தேசத்துக் கப்பலும் இல்லை.
அதை அவளிடம் சொல்ல
என்னிடம் வினைச்சொல் இல்லை.
இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா,
தெரியாது.

வழக்கு ஒன்றும் நிற்காது என்று
சீப்பைத் திருப்பிக் கொடுத்தார் ஏட்டு.
ஆனால் பதிவேட்டில் ஒரு வரி எழுதியாக வேண்டும்.
"மகும்பாவா, மக்கும்பாவா?
ஒற்று மிகுமா?"

நம் ககரம் சொல் நடுவே தனியாக நின்றால்
குழைந்துவிடும், வேறு யாரோ ஆகிவிடும்.
"மிகும்" என்றேன்.
எழுதினார்.
பிறகு, மறந்ததுபோல் திரும்பி வந்து,
க-வின் தலையில் புள்ளி வைத்தார்,
சாவித் துவாரம் அளவுக்கு.

வாசலில் அஞ்சலாட்சி
சென்ட் புட்டியின் மூடியைத் திருகி
மோந்துகொண்டிருந்தாள்.
"இது கடலுக்கா?
அதுக்கு இந்த வாசனை புடிக்குமான்னு
கேட்டுச் சொல்லேன்."